அறை வெப்பம் என்றால் யாருடைய அறை?

குடியாத்தம் வாசகரின் கேள்வி, ஏப்ரல் 20, 2024

ரெட் ஒயினை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, அறை வெப்பத்தில்தான் குடிக்க வேண்டும் என்று பார்க்கிற இடமெல்லாம் எழுதியிருக்கிறார்கள். பிறந்த நாளுக்கு என்று ஒரு பாட்டில் வாங்கி, பத்து நாள் அலமாரியில் வைத்து, அப்படியே திறந்து குடித்தேன். சூடான கஷாயம். நெடி மூக்கில் ஏறுகிறது, நாக்கு வறண்டு போகிறது. பாட்டில் போலியா, எனக்கு ரசனை இல்லையா, ஒயினே இப்படித்தானா? சமீபத்தில் குடித்தவர்கள் எதைக் குடித்தீர்கள், எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.

ஏப்ரல் 21, காலை

நீங்கள் தனியாக அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அதே பாட்டிலைப் போன மாதம் நானும் குடித்தேன். வெந்த திராட்சை வாசம், அடி பிடித்த ஜாம் மாதிரி. தயாரித்தவர்கள் கோட்டை விட்டிருக்கிறார்கள் (வேலூர்க்காரன் இந்தச் சொல்லைப் பயன்படுத்தாமல் இருக்க முடியாது). பெயரை இங்கே போட வேண்டாம். வேறு பாட்டில் வாங்குங்கள். விஷயம் முடிந்தது.

ஏப்ரல் 21, இரவு

விஷயம் முடியவில்லை. காலையில் எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. என் பாட்டில் எங்கே இருந்தது? பீரோவின் மேல். வீடு சத்துவாச்சாரியில், மேல் மாடி, தலைக்கு மேலே நேராகக் கான்கிரீட். ராணிப்பேட்டையில் தோல் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் கையோடு வந்துவிட்ட தெர்மாமீட்டர் ஒன்று இருக்கிறது. அதை பீரோவின் மேல் வைத்தேன். இரவு 9 மணிக்கு 36 டிகிரி. பகலில் என்ன காட்டும் என்று பார்க்கத் தைரியம் வரவில்லை.

'அறை வெப்பம்' என்று எழுதி வைத்தவனின் அறை 16, 18 டிகிரியில் இருந்திருக்கும். கல் சுவர், ஐரோப்பியக் குளிர், கீழே நிலவறை. அங்கிருந்து பாட்டிலை மேலே கொண்டுவந்து கொஞ்ச நேரம் வைத்தால் குளிர் விடும், அதுதான் அவன் சொன்னது. அந்த வாக்கியம் அப்படியே கப்பலேறி வந்து நம் பீரோவின் மேல் உட்கார்ந்துவிட்டது. 34 டிகிரியில் எந்த ரெட் ஒயினை ஊற்றினாலும் முதலில் மேலே வருவது ஆல்கஹால் ஆவி. பழ வாசம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். உங்கள் மூக்கில் ஏறியது அந்த ஆவிதான். போலியும் இல்லை, உங்கள் ரசனைக்கும் குறை இல்லை.

ஏப்ரல் 23

சும்மா சொல்லக் கூடாது என்று சோதித்தும் பார்த்தேன். சூலா கம்பெனியின் திண்டோரி ரிசர்வ் ஷிராஸ் என்ற ரெட், நாசிக் சரக்கு. ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு டம்ளர். (ஒயின் கிளாஸ் இருந்தது, போன வருடம் விளக்கும்போது உடைந்துவிட்டது.) ஒன்று 34 டிகிரி, இன்னொன்று 17. காட்பாடியில் இருக்கும் ரயில்வே நண்பரைக் கண்ணை மூடிக் குடிக்கச் சொன்னேன்.

முதல் டம்ளருக்கு, "இருமல் மருந்து, அதிலும் மலிவானது" என்றார். இரண்டாவதுக்கு, "இது பரவாயில்லையே, நாவல் பழம் மாதிரி ஒன்று வருகிறது, கடைசியில் மிளகு" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்றதும் கண்ணைத் திறந்து பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் 17 டிகிரி டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நாவல் பழம் அவர் சொன்ன சொல். நான் பல வருடமாக 'கருப்புப் பழங்கள்' என்று புத்தகத்தில் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

ஏப்ரல் 24

வாணியம்பாடி நண்பர் ஒருவர் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு பாட்டிலை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்தாராம். "வாசமே இல்லை, வேப்பங்குச்சியைக் கடித்த மாதிரி இருந்தது" என்று திட்டுகிறார். தப்பு என்னுடையது. ஃப்ரிட்ஜ் 4, 5 டிகிரி. அந்தக் குளிரில் வாசம் எழும்பாது. துவர்ப்பும் கசப்பும் மட்டும் தூக்கலாகத் தெரியும். ரெட்டுக்கு 16 முதல் 18 வரை போதும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ், எடுத்துக் குடியுங்கள்.

ஏப்ரல் 25

மறுபடி தப்பு. 'அரை மணி நேரம்' என்று நான் சொன்னதும் எங்கேயோ படித்ததுதான், அதுவும் வேறு யாருடைய அறையோ. 34 டிகிரி பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து அளந்தேன். 17க்கு இறங்க 1 மணி 35 நிமிடம் ஆனது. அரை மணியில் 27க்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

அவசரம் என்றால் ஐஸ் கட்டி மட்டும் போட்டுப் பிரயோசனம் இல்லை, அண்டாவில் தண்ணீரும் ஐஸும் கலந்து பாட்டிலின் கழுத்து வரை முக்கி வையுங்கள். கால் மணியில் வேலை முடியும். ஐஸை டம்ளருக்குள் போடுவது பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். உங்கள் காசு, உங்கள் டம்ளர்.

ஏப்ரல் 28

நேற்று மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. இன்வர்ட்டரில் ஃபேன் ஓடும், ஃப்ரிட்ஜ் ஓடாது. அம்மா மண்பானைக்கு ஈரத்துணி சுற்றுவது ஞாபகம் வந்து பாட்டிலுக்கும் சுற்றினேன். பழைய பருத்தி வேட்டி, நன்றாக நனைத்து, ஃபேனுக்கு நேரே. ஒன்றரை மணி நேரத்தில் 34இலிருந்து 25.

வேலூரின் வறண்ட வெயிலுக்கு இப்படி ஒரு நன்மை உண்டு. காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் துணியிலிருந்து தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆவியாகிற தண்ணீர் பாட்டிலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சென்னை மாமா இதையே செய்து பார்த்து நனைந்த வேட்டி மட்டும்தான் மிஞ்சியது என்கிறார். கடல் காற்றில் அவ்வளவுதான். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று ஊரைக் கேலி செய்கிறவர்கள் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும்.

25இலிருந்து 17க்கு ஃப்ரிட்ஜில் ஒரு மணிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

மே 5

நேற்று கத்திரி ஆரம்பம். அம்மியில் ஆம்லெட் போடலாம்.

ஏப்ரல் 21 காலை குறிப்பில் தயாரித்தவர்களைத் திட்டினேன் அல்லவா, மீதிப் பாதியையும் இப்போது திரும்பப் பெறுகிறேன். அந்தக் காலி பாட்டில் பால்கனியில் கிடந்தது (துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் பயன்படுகிறது), கார்க்கும் டிராயரில் இருந்தது. இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். கார்க்கின் பக்கவாட்டில் மேல் வரைக்கும் சிவப்புக் கோடு. கழுத்தில் பிசுபிசுப்புத் தடம். அதாவது உள்ளே இருந்தது சூட்டில் விரிந்து கார்க்கைத் தள்ளி, ஓரமாகக் கசிந்திருக்கிறது. வெந்த வாசம் அங்கிருந்துதான். லாரியில் வெந்ததோ, கடையில் வெந்ததோ, என் பீரோவில் வெந்ததோ, யாருக்குத் தெரியும். நான் வாங்கிய கடையில் ஒயின் பாட்டில்கள் கண்ணாடி ஜன்னலை ஒட்டி நின்றன, மேற்கு வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. நானும் என் பங்குக்குப் பத்து நாள் வேகவைத்தேன்.

வாங்கும்போது கார்க் மேலே தூக்கியிருக்கிறதா, மேல் உறைக்குள் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார். நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்று பெயர், ஆனால் அங்கே போய் ஒயின் கேட்டால் கியூவில் நிற்கும் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மே 6

மகள் பிறந்த வருடம் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், கல்யாணத்தன்று திறப்பேன் என்று ஒருவர். ஐயா, மகளுக்கு இப்போது 9 வயது என்கிறீர்கள், பாட்டில் இருப்பது திருப்பத்தூரில் ஒரு மரப்பெட்டியில். இன்றே திறந்துவிடுங்கள். ஊறுகாய்க்கு இருக்கும் ஆயுள் அதற்குக் கிடையாது.

மே 12

பிரியாணிச் சண்டைக்கு வருவோம். ஆம்பூர் பிரியாணிக்கு ரெட்டா ஒயிட்டா என்று மூன்று நாளாக எனக்குத் தனிச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது.

என் பழைய கட்சி: மட்டன் என்றால் ரெட். காரணமும் கையில் இருந்தது. ரெட் ஒயினின் துவர்ப்பு வாயில் இருக்கும் எச்சில் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் நாக்கு வறள்கிறது. கறியும் கொழுப்பும் கூட இருந்தால் துவர்ப்பு அதன் மேல் பாயும், நாக்கு தப்பிக்கும். ஆகவே போன ஞாயிறு ஆம்பூரிலிருந்து பிரியாணி வரவழைத்து, ஃபிராத்தெல்லி கம்பெனியின் 'செத்தே' என்ற ரெட்டைத் திறந்தேன். சோலாப்பூர் மாவட்டம் அக்லூஜில் விளைகிற சாஞ்சியோவேசே, கேபர்னே சாவின்யோன் என்ற இரண்டு திராட்சைகள் கலந்தது. இத்தாலிய மொழியில் ஃபிராத்தெல்லி என்றால் சகோதரர்கள், செத்தே என்றால் ஏழு. 17 டிகிரி, எல்லாம் முறைப்படி.

தனியாகக் குடித்தபோது அருமை. உலர்ந்த பேரீச்சை, கொஞ்சம் புகை, புளிப்பும் துவர்ப்பும் கை கோத்து வந்தன. நாலு பேரும் பேசாமல் இருந்தோம், அதுவே பெரிய சர்டிபிகேட். ஒரு கவளம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மறுபடி குடித்தால் வாய் எரிகிறது. ஆம்பூர் பிரியாணியின் உயிரே ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது. மிளகாயும் ஆல்கஹாலும் நாக்கில் ஒரே சூட்டு நரம்பைத்தான் தட்டுகின்றன, இரண்டும் சேர்ந்தால் கூட்டுவட்டி. துவர்ப்பு வேறு நாக்கைத் தேய்த்து வைத்திருக்கிறது. கறி காப்பாற்றும் என்ற என் கணக்கு தந்தூரிக்கோ சுக்காவுக்கோ சரியாக இருக்கலாம், இங்கே மிளகாய் முந்திக்கொண்டது.

அப்போது காட்பாடிக்காரர் எழுந்து போய் ஃப்ரிட்ஜில் கிடந்த சூலா செனின் பிளாங்க் என்ற ஒயிட்டை எடுத்து வந்தார். நான் அதை 'ஜூஸ்' என்று ஒதுக்கி வைத்திருந்தவன். லேசான இனிப்பு, நல்ல புளிப்பு, ஜில்லென்று. பிரியாணிக்கு அது வெங்காயப் பச்சடி செய்கிற வேலையைச் செய்தது. கத்திரிக்காய்க்கும் ஒத்துப்போனது, எள்ளும் புளியும் போட்ட எண்ணெய்க் கத்திரிக்காய் ரெட்டோடு சேர்ந்தால் இரும்புக் கரண்டியை நக்கிய மாதிரி இருக்கும். கத்திரிக்காய் இலவம்பாடி முள்ளுக் கத்திரி என்பதைப் பதிவு செய்யச் சொல்லி வீட்டம்மா கேட்டுக்கொண்டார். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், வெறுமனே கத்திரிக்காய் என்று எழுதக் கூடாதாம்.

ஆக, ஆம்பூர் பிரியாணிக்கு ஒயிட். கட்சி மாறிவிட்டேன், இது கட்சி மாறும் சீசன்தானே.

மே 13

"பிரியாணிக்கு எதுவுமே வேண்டாம், பிரியாணி போதும்" என்று பேரணாம்பட்டு நண்பர். இதற்குப் பதில் இல்லை.

மே 20

மழை. ராத்திரி தெர்மாமீட்டரில் 27. பாட்டில்களின் சார்பில் நன்றி.

ஒயின் விமர்சனங்களில் 'தோல் வாசனை' என்று வருகிறதே, அது என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வட ஆற்காட்டில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதே அழகு. எந்தத் தோல் என்று நான் திருப்பிக் கேட்பேன். உப்புப் போட்டுக் கட்டிய பச்சைத் தோலா? சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்ததா, அதன் பக்கம் நின்றால் மதியச் சோறு இறங்காது. பட்டைச் சாற்றில் ஊறினதா? குரோம் போட்ட ஈர நீலத் தோலா? எண்ணெய் காட்டி, மெருகேற்றி, செருப்புக்கடைக்குப் போகத் தயாரானதா? அந்த விமர்சகர்கள் முகர்ந்தது கடைசியில் சொன்னதை மட்டும்தான். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் நின்றிருந்தால் இன்னும் கவனமாக எழுதியிருப்பார்கள்.

வாசம் வருவது நிஜம்தான். பல ஒயின்களில் அதற்குக் காரணம் பிரெட்டனோமைசிஸ் என்கிற ஈஸ்ட். அது உண்டாக்கும் எத்தில் ஃபீனால்கள் கொஞ்சமாக இருந்தால் சேணம், தோல் பை என்பார்கள். அதிகமானால் குதிரை லாயம், பேண்டேஜ். எது கொஞ்சம், எது அதிகம் என்பதில் உலகம் முழுக்கச் சண்டை.

ஜூன் 4

வாக்கு எண்ணிக்கை, கடை லீவு. ஃப்ரிட்ஜில் அரை பாட்டில் ரெட் ஆறு நாளாக இருக்கிறது. திறந்து பார்த்தேன், காடியாகும் வழியில் பாதி தூரம் போயிருக்கிறது. மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள், அதுவும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால். இன்று அது மட்டன் குழம்பில் போனது. டிவியில் முன்னிலை நிலவரம், அடுப்பில் பின்னடைவு. யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

ஜூன் 17

இது கொஞ்சம் நீளும்.

சனிக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு காட்பாடியில் ரயிலேறி பெங்களூரில் தங்கை வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளை எனக்காகக் குரோவர் லா ரிசர்வ் வாங்கி வைத்திருந்தார். கேபர்னே சாவின்யோனும் ஷிராஸும், ஓக் பீப்பாயில் இருந்து வருவது. கன்வல் குரோவர் 1988இல் தொடங்கிய தோட்டம், நந்தி மலை அடிவாரம். நம் பாலாறும் அந்த மலைப் பக்கம்தான் பிறக்கிறது. தண்ணீரை நம் வரைக்கும் அனுப்பாத மலை இதையாவது அனுப்புகிறதே என்று சொல்லிவிட்டு ஊற்றினேன். பெங்களூர் ஜூன், அறையே 24 டிகிரி. இருபத்தைந்து நிமிட ஃப்ரிட்ஜ் போதுமாக இருந்தது. பொறாமையாக இருந்தது என்றும் எழுதிக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு 78. பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) 31 வருடம், பட்டைக் குழியில் ஆரம்பித்து மேஸ்திரியாக முடித்தவர். குடிக்கிறவர் இல்லை. நாங்கள் டம்ளரைச் சுழற்றி முகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இன்னாடா அப்பிடி மோந்து மோந்து பாக்கற, கொண்டா" என்றார். மூக்கருகே கொண்டுபோனார். விரல் நுனியை முக்கி நாக்கில் வைத்தார். தங்கை அவசரமாக, "அப்பா, மாத்திரை சாப்பிடறீங்க" என்றாள். "ஒரு சொட்டு பிள்ளே" என்றார்.

அப்புறம் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்துப் பார்த்தார். அந்தச் சத்தம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், மாம்பிஞ்சு கடித்தாலும் அப்படித்தான் செய்வார்.

"மொதல்ல பட்டை. கொஞ்சம் நேரம் கழிச்சு கடுக்கா."

அவ்வளவுதான் சொன்னார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டார்.

எனக்கு அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. சோதனைக்கூடத்தில் இருபது வருடம் டானின் என்கிற துவர்ப்புப் பொருளை அளந்தவன் நான், பத்து வருடமாக ஒயின் குடிக்கிறேன், இரண்டையும் இப்படி ஒரு வரியில் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

தெரியாதவர்களுக்கு: மரப்பட்டையால் பதனிடும் பழைய முறையில் தோலை ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறவைப்பார்கள். அப்பா காலத்தில் அந்த இடத்துக்கு வாட்டில் பட்டை வந்துவிட்டது. கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டு எடுப்பார்கள், நிறம் நிற்கும், வெளுத்து அழகாக வரும். தோலில் இருக்கும் கொலாஜன் புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதுதான் பதனிடுதல். நாக்கில் எச்சில் புரதத்தைப் பிடிப்பதும் அதே டானின், அதே பிடி. ஒரு வாய் ரெட் குடித்தால் நம் நாக்கு கொஞ்சம் பதனாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டானினில் இரண்டு வகை. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருப்பது ஒன்று. ஆவாரம் பட்டை, வாட்டில் பட்டை எல்லாம் அதே இனம். ஓக் மரத்திலிருந்து வருவது இன்னொன்று, கடுக்காய் அந்த இனம். லா ரிசர்வ் பீப்பாயில் இருந்த ஒயின். முதலில் திராட்சை, பிறகு ஓக். அப்பா லேபிளைப் படிக்கவில்லை. படித்தாலும் ஓக் என்றால் என்ன என்று கேட்டிருப்பார்.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. "குழியில சாறு எறங்கிச்சா இல்லையான்னு பார்க்கோமீட்டர் வெச்சுப் பாக்கறதுக்கு முன்னாடி நாக்குலதான்டா பாப்போம். பட்டை உடனே புடிக்கும். கடுக்கா மெதுவா வந்து நிக்கும்." (பார்க்கோமீட்டர் என்பது சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி.) அவ்வளவு பேசியதே அதிகம். ஜோலார்பேட்டை வருவதற்குள் தூங்கிவிட்டார்.

ஜூன் 19

"டானின்தானே பாலாற்றைக் கெடுத்தது, அதைப் போய்க் குடிக்கச் சொல்கிறீர்களே" என்று ஒருவர். கோபம் நியாயமானது, விலாசம் முழுக்கச் சரியில்லை. பட்டைச் சாற்றுக் கழிவும் ஆற்றுக்கு நல்லதில்லைதான். ஆனால் கிணறுகளை உப்பாக்கியதில் பெரும் பங்கு பச்சைத் தோலுக்குப் போடும் உப்புக்கு, குரோம் பதனிடுதல் பரவிய பிறகு குரோமியமும் சேர்ந்துகொண்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நாடு முழுக்க மேற்கோள் காட்டப்படுவது. எங்கள் தெருக் கிணற்றை மூடியதும் அந்தக் காலத்தில்தான். அப்பா அந்தத் தொழிலில்தான் எங்களைப் படிக்க வைத்தார். இரண்டும் உண்மை. இதை நீட்டினால் ஒயின் சூடாகிவிடும்.

ஜூலை 7

கம்பம் பன்னீர் திராட்சையில் ஏன் யாரும் வீட்டில் ஒயின் போடக் கூடாது என்ற கேள்வி. முதலில், வீட்டில் புளிக்கவைத்துச் சாராயச் சத்து ஏற்றுவதற்கு நம் மாநிலச் சட்டத்தில் இடமில்லை, இங்கே செய்முறை கேட்காதீர்கள். அடுத்து சுவை. பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க். பன்னீர் வாசத்துக்குக் காரணமான லினலூல், ஜெரானியால் இரண்டும் ரோஜாவிலும் இருப்பவை, அதனால் பெயர் வெறும் அலங்காரம் இல்லை. சாப்பிட அருமை. நிறத்துக்கும் துவர்ப்புக்கும் உடம்பு போதாது.

காட்பாடியில் ஒரு ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்கு இதே பழத்தில் கிராம்பும் பட்டையும் போட்டுக் காய்ச்சி, 'ஒயின்' என்று பெயர் வைத்து ஒரு டம்ளர் தருவார். சாராயம் துளியும் கிடையாது. வருடா வருடம் இரண்டு டம்ளர் கேட்டு வாங்குகிறேன். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. புளிக்காத திராட்சைச் சாற்றைத் திருவிருந்துக்கு என்று 1869இல் பாட்டிலில் அடைத்தவர் தாமஸ் வெல்ச் என்ற பல் வைத்தியர், அமெரிக்காவில் அதுவே பிறகு பெரிய வியாபாரமானது.

ஜூலை 9

யவனர் தேறலை, அதாவது சங்க காலத்தில் கப்பலில் வந்த மதுவை, இன்னும் யாரும் இழுக்கவில்லையே என்று பார்த்தேன், இன்று காலை வந்தே விட்டது. சரி. பாண்டிய மன்னனைப் பாடும் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் யவனர் கொண்டுவந்ததை 'தண்கமழ் தேறல்' என்றுதான் சொல்லியிருக்கிறது. தண் என்றால் குளிர்ச்சி. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது கிடைத்த இரு கைப்பிடி ஜாடிச் சில்லுகளும் அந்த வணிகத்தைச் சேர்ந்தவைதான். ஜாடியைக் கிணற்றில் இறக்கி வைத்தார்களோ, ஈரத்துணி சுற்றினார்களோ, குளிர்ந்ததைத்தான் பாண்டியன் குடித்தான் என்று என் கட்சிக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறேன்.

தமிழாசிரியர் ஒருவர் உடனே திருத்தினார்: தண் என்பது அங்கே இனிமைக்கும் வரும், தெர்மாமீட்டருக்கு ஆதாரம் ஆகாது. பாண்டியன் பீரோவின் மேல் வைத்திருக்க மாட்டான், அதுவரைக்கும் சரிதானே ஐயா.

ஆகஸ்ட் 11

நாலு மாதம் கழித்துக் குடியாத்தம் வாசகர் வந்திருக்கிறார். செத்தே ஒன்று, செனின் பிளாங்க் ஒன்று வாங்கினாராம். ரெட்டை ஈரத்துணி, ஃப்ரிட்ஜ், தெர்மாமீட்டர் என்று நான் சொன்ன எல்லாமும் செய்து 17 டிகிரியில் குடித்திருக்கிறார். எழுதியது இது: "கஷாயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நெடி போய்விட்டது. ஆனால் துவர்ப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒயிட் பிடித்திருக்கிறது. என் மனைவிக்கும். பாட்டில் ஒரே இரவில் காலி. ரெட் முக்கால்வாசி இருக்கிறது. என்ன செய்ய?"

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. மூடியை இறுக்கி ஃப்ரிட்ஜில் நிறுத்தி வையுங்கள், குழம்பில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ஜூன் 4 ஞாபகம் இருக்கட்டும். மூன்றாம் நாள் புதன்கிழமை. அன்று மதியம் 2 மணிக்கு வெளியே எடுத்து வைத்துவிடுங்கள், இரண்டரைக்கு நான் குடியாத்தம் பஸ்ஸில் இறங்குவேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.